தேம்ஸ் நதியில் மூழ்கிய செல்வம்: இரு விக்டோரியப் புதினங்களும் அந்தமான் வாசிப்பும்

முன்னுரை

விக்டோரியா மகாராணியின் ஆட்சிக் காலத்தில் (1837–1901) எழுந்த ஆங்கிலப் புதினங்கள் பலவற்றின் நடுப்பொருள், ஏழ்மையில் பிறந்தவன் மேல்நிலையை எட்ட முயல்வதும் எட்ட முடியாமல் வீழ்வதுமாகும். கல்தச்சன் ஒருவன் பல்கலைக்கழகக் கல்விக்கு ஏங்கி அழிவதைத் தாமஸ் ஹார்டி 1895இல் 'ஜூட் தி அப்ஸ்க்யூர்' புதினத்தில் வரைந்தார். எழுத்தையே பிழைப்பாகக் கொண்டவர்கள் வறுமையால் நசுங்குவதை ஜார்ஜ் கிஸ்ஸிங் 1891இல் 'நியூ கிரப் ஸ்ட்ரீட்' புதினத்தில் காட்டினார். இவை இங்கிலாந்தின் எல்லைக்குள்ளேயே தொடங்கி முடிபவை. இவற்றினின்று வேறுபட்டு, ஏழையின் ஏக்கத்தைக் கடலுக்கு அப்பாலுள்ள தண்டனைக் குடியிருப்போடு பிணைக்கும் புதினங்களும் உள்ளன. சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' (பெரும் எதிர்பார்ப்புகள்), ஆர்தர் கோனான் டாயிலின் 'தி சைன் ஆஃப் ஃபோர்' (நால்வர் குறி) ஆகிய இரண்டும் அவ்வகையின. முன்னது 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்டு வரை தொடராக வந்தது. பின்னது 1890 பிப்ரவரியில் இதழொன்றில் முழுமையாக வெளியாயிற்று.

முன்னது பேரிலக்கியமாகவும் பின்னது துப்பறியும் கதையாகவும் கருதப்படுவதால் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பயிலும் வழக்கம் குறைவு. ஆயினும் இரண்டின் எலும்புக் கூடும் ஒன்றே. இரண்டிலும் தீவாந்தர தண்டனை பெற்ற ஏழை ஒருவன் இரகசியமாக இங்கிலாந்து திரும்புகிறான். இரண்டிலும் அவன் தேம்ஸ் நதியில் படகில் தப்பிச் செல்லும்போது பிடிபடுகிறான். இரண்டிலும் அந்நதியில் ஒரு மனிதன் மூழ்கி இறக்கிறான். கதைத்தலைவனை எட்டியிருக்க வேண்டிய பெருஞ்செல்வமும் கைநழுவிப் போகிறது. இவ்வொற்றுமையை அந்தமான் தீவுகளின் வரலாற்றோடு பொருத்தி நோக்கி, விக்டோரியப் புதினம் ஏழையிடம் காட்டிய பரிவின் எல்லை எதுவெனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவாந்தரமும் புதினமும்

ஆங்கிலேயக் குற்றவாளிகளை நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்பும் வழக்கம் 1840இல் நின்றது. மேற்கு ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற கடைசிக் கைதிக் கப்பல் 1868 ஜனவரியில் அங்குச் சேர்ந்தது. ஆங்கிலேயனுக்கு இத்தண்டனை தளர்ந்துவந்த அதே ஆண்டுகளில்தான் இந்தியனுக்கு அது புதிய இடம் தேடிக்கொண்டது. 1857 கிளர்ச்சியை அடுத்து, 1858 மார்ச் 10 அன்று டாக்டர் ஜே. பி. வாக்கரின் பொறுப்பில் இருநூறு கைதிகள் போர்ட் பிளேரில் இறக்கப்பட்டனர். (இந்நகரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என மாற்றப்பட்டது, இக்கட்டுரையில் வரலாறு கருதிப் பழைய பெயரே ஆளப்படுகிறது.) இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தீவாந்தர தண்டனை என்னும் சொல்லாட்சி 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் நீங்கி, ஆயுள் சிறை என்பது அதனிடத்தில் வந்தது.

இக்கால வரிசை இலக்கிய ஆய்வுக்கு இன்றியமையாதது. டிக்கன்ஸ் தம் புதினத்தை எழுதும்போது நியூ சவுத் வேல்ஸ் கைதி பழங்கதையாகிவிட்டான். அவன்மீது பரிவு காட்டுவது எளிதாயிற்று. அந்தமான் கைதியோ அப்போது காடு வெட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பற்றி டிக்கன்ஸ் எழுதவில்லை. 1857 அக்டோபரில் ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸ் அம்மையாருக்கு எழுதிய மடலில், தாம் இந்தியாவில் படைத்தலைவராக இருந்தால் அவ்வினத்தையே அழித்தொழிக்க முயல்வேன் என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். அவர்தம் மகன் வால்டர் அவ்வாண்டில்தான் படைப்பணிக்கு இந்தியா வந்திருந்தார் என்பதையும் கருத வேண்டும். ஒரு தந்தையின் அச்சம் அம்மடலில் இருக்கலாம். எனினும் கைதி ஒருவனை உலக இலக்கியத்தின் உயர்ந்த பாத்திரங்களுள் ஒருவனாக ஆக்கிய கையும் அம்மடலை எழுதிய கையும் ஒன்றே என்பதை மறைப்பதற்கில்லை. பரிவு பொய் அன்று, அது எல்லைக்குட்பட்டது. அவ்வெல்லையைக் காண்பதற்கு உரிய கருவியையும் டிக்கன்ஸின் புதினமே தருகிறது.

மேக்விச் கற்ற பாடம்

'பெரும் எதிர்பார்ப்புகள்' புதினத்தின் கதைத்தலைவன் பிப், கொல்லர் ஜோவின் வீட்டில் வளரும் அனாதைச் சிறுவன். பெயர் தெரியாத ஒருவரின் பணத்தால் அவன் இலண்டனில் கனவானாகிறான். பணம் செல்வச் சீமாட்டி மிஸ் ஹாவிஷமிடமிருந்து வருவதாக எண்ணி, கொல்லுலையையும் ஜோவையும் நினைத்து வெட்குகிறான். உண்மையில் பணம் அனுப்பியவன், சிறுவயதில் அவன் உணவு கொடுத்துதவிய கைதி மேக்விச். ஆயுள் முழுவதும் நாடு கடத்தப்பட்ட மேக்விச், ஆட்டுப் பண்ணையில் உழைத்துச் சேர்த்த பொருளால் தனக்கென ஒரு கனவானை உருவாக்குகிறான். தான் ஆக முடியாத ஒன்றை விலை கொடுத்து வாங்கி, அதற்கு உரிமையாளன் ஆவதே அவனது பேராசையாகும்.

இப்புதினத்தின் வர்க்க விமரிசனம் கூர்மை பெறும் இடம் மேக்விச் தன் கதையைக் கூறும் பகுதி. அவனும் காம்ப்பிசன் என்பவனும் ஒரே குற்றத்திற்காகக் கூண்டில் நிற்கின்றனர். காம்ப்பிசன் கற்றவன், சுருண்ட முடியும் கறுப்பு உடையும் வெண்ணிறக் கைக்குட்டையுமாக நிற்பவன். திட்டமிட்டவன் அவனே. ஆயினும் அவனுக்கு ஏழாண்டு, மேக்விச்சுக்குப் பதினான்காண்டு. வழக்கு மன்றம் எடை போட்டது தோற்றத்தை. ஏழையின் முகமே அவனுக்கெதிரான சாட்சியாயிற்று. தோற்றத்தைக் கொண்டு குற்றத்தின் அளவைத் தீர்மானிக்கும் இவ்வழக்கத்தை இக்கட்டுரை 'மேக்விச்சின் பாடம்' எனக் குறிக்கிறது. விக்டோரியப் புதினம் தன் வாசகனுக்குக் கற்பித்த பாடங்களுள் இதனினும் அரியது வேறில்லை எனலாம். இப்பாடத்தைப் பின்வந்தோர் எந்த அளவு கைக்கொண்டனர் என்பதே அடுத்து நோக்கத்தக்கது.

ஜோனதன் ஸ்மாலின் முறையீடு

'நால்வர் குறி' துப்பறியும் கதையாயினும் அதன் பாத்திரங்கள் அனைவரும் பணக்குறையால் இயக்கப்படுபவர்கள். மேரி மார்ஸ்டன் பிறர் வீட்டில் ஆசிரியையாக இருந்து பிழைப்பவள். அவள் தந்தை கேப்டன் மார்ஸ்டன் அந்தமானில் கைதிகளைக் காவல்புரிந்த படையின் அலுவலர். வாட்சன் காயம்பட்டு இராணுவத்திலிருந்து திரும்பிய, வருவாய் குன்றிய மருத்துவர். மேஜர் ஷோல்டோ அந்தமானில் சீட்டாட்டத்தில் பொருளிழந்தவர். அவர் பின்னர் இலண்டனில் வாழ்ந்த மாளிகையின் பெயர் 'பாண்டிச்சேரி லாட்ஜ்'. தமிழ் வாசகருக்கு அணுக்கமான ஓர் ஊர்ப்பெயர், களவாடிய இந்தியப் புதையல் ஒளித்து வைக்கப்பட்ட வீட்டின் வாயிலில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

இவர்களுள் அடிநிலையில் நிற்பவன் ஜோனதன் ஸ்மால். வூஸ்டர்ஷயரின் சிறு குடியானவக் குடும்பத்தில் பிறந்து, ஊரில் நிலைக்க வழியின்றிப் படையில் சேர்ந்தவன். இந்தியா வந்த சில நாளில் கங்கையில் முதலை அவன் காலைப் பறிக்கிறது. பின்னர் அவுரித் தோட்டமொன்றில் குதிரைமீதமர்ந்து கூலிகளை மேற்பார்வையிடும் வேலை கிடைக்கிறது. 1857இல் ஆக்ரா கோட்டையில் மூன்று சீக்கியருடன் சேர்ந்து, அரசன் ஒருவனின் செல்வத்தைக் கொண்டுவந்த வணிகனைக் கொல்வதற்கு உடந்தையாகிறான். தூக்குத் தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட, ஆக்ராவிலிருந்து சென்னைக்கும் அங்கிருந்து அந்தமானுக்கும் அனுப்பப்படுகிறான்.

புதினத்தின் இறுதி இயல் முழுவதையும் டாயில் ஸ்மாலின் வாய்மொழிக்கே ஒதுக்கியது கருதத்தக்கது. பிடிபட்ட குற்றவாளி தன் பக்க நியாயத்தை நெடிது பேசுகிறான். காய்ச்சல் மண்டிய சதுப்பு நிலத்தில் இருபதாண்டு உழைத்த தனக்கன்றி வேறெவருக்கு அச்செல்வம் உரியது என்பதே அவன் முறையீட்டின் சாரம். மேலதிகாரிகளான ஷோல்டோவும் மார்ஸ்டனும் அப்புதையலைப் பங்குபோட ஒப்பந்தம் செய்தவர்கள். அவர்களுள் ஷோல்டோ அனைவரையும் ஏமாற்றி முழுவதையும் கவர்ந்தவர். கனவான் செய்தால் வாக்குத் தவறல், குடியானவன் செய்தால் குற்றம் என்னும் ஏற்றத்தாழ்வை ஸ்மால் நன்கு உணர்ந்திருக்கிறான். தன் சீக்கியக் கூட்டாளிகள் மூவரின் பங்கை அவன் ஒருபோதும் மறுக்கவில்லை. நால்வர் பெயராலும் குறியிட்டே பழிவாங்கப் புறப்படுகிறான். இவ்வகையில் ஸ்மால் மேக்விச்சின் வாரிசு.

ஆனால் அவன் முறையீட்டில் மற்றொரு குறையும் கலந்திருக்கிறது. வெள்ளையனாகிய தன்னைக் கறுப்பு நிறக் காவலர்கள் அதட்டினர் என்பது அவனுக்குச் சங்கிலியினும் பெரிய அவமானம். அவுரித் தோட்டத்தில் குதிரைமேலிருந்து தான் பார்த்த கூலிகளின் நிலை அவனுக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை. இங்கிலாந்தில் ஏணியின் கடைசிப் படியில் நின்றவன், இந்தியாவில் தனக்குக் கீழும் படிகள் இருப்பதைக் கண்டான். அப்படிகள் தலைகீழானபோதுதான் அநீதி என்று கூவினான். வர்க்கக் குறைபாட்டின் குரலோடு இனச் செருக்கின் குரலும் ஒரே வாயிலிருந்து ஒலிப்பதை டாயில் பதிவு செய்கிறார். ஆனால் பிரித்துக் காட்டவில்லை.

ஹோப் டவுனில் இருவர்

ஸ்மாலுக்குக் குடிசை அளிக்கப்பட்ட இடமாகப் புதினம் குறிப்பது ஹாரியட் மலைச் சரிவிலுள்ள ஹோப் டவுன். கைதிக் குடியிருப்பின் கண்காணிப்பாளராக 1862 முதல் 1864 வரை இருந்த டைட்லரின் மனைவி ஹாரியட்டின் பெயரைத் தாங்கிய அம்மலை 2021இல் மணிப்பூர் மலை எனப் பெயர் மாற்றப்பட்டது. இந்திய வரலாற்றில் ஹோப் டவுனை அறியாதார் இலர். 1872 பிப்ரவரி 8 அன்று மாலை, அம்மலையில் ஏறித் திரும்பிய வைசிராய் மேயோ பிரபுவை அங்குள்ள படகுத்துறையில் ஷேர் அலி அஃப்ரிதி என்னும் கைதி குத்திக் கொன்றார். மார்ச் 11 அன்று வைப்பர் தீவில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

புனைவுக் கைதியையும் வரலாற்றுக் கைதியையும் ஒப்பிடுவது பயன் தரும். இருவரும் ஆங்கிலேய ஆட்சியின் சேவையில் இருந்தவர்கள். ஸ்மால் தரைப்படை வீரன். ஷேர் அலி பெஷாவர்ப் பகுதியில் குதிரைக் காவல் வீரர். இருவரும் கொலைக் குற்றத்திற்காகத் தூக்குத் தண்டனை பெற்று, அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டவர்கள். இருவரும் நன்னடத்தையால் எளிய வேலை பெற்றவர்கள். ஸ்மால் மருத்துவருக்கு மருந்து கலந்து கொடுத்தான்; ஷேர் அலி நாவிதராகப் பணிபுரிந்தார். புதினத்தின் காலக் கணக்குப்படி இருவரும் ஒரே ஆண்டுகளில் அத்தீவுகளில் இருந்திருக்க வேண்டும். வைசிராய் கொலையுண்டது பிரிட்டிஷ் உலகையே உலுக்கிய செய்தி. ஆயினும் ஸ்மாலின் நீண்ட கதையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

துப்பறியும் கதைக்கு அச்செய்தி தேவையில்லை என்று விடை கூறலாம். அவ்விடை உண்மையே. ஆனால் அவ்விடையே மற்றொன்றையும் உணர்த்துகிறது. கதைக்குத் தேவைப்பட்டது அந்தமான் என்னும் பெயரும் தொலைவும் மட்டுமே. அங்கே வாழ்ந்த இந்தியக் கைதிகளுக்கும் ஏக்கங்களும் சினமும் இருந்தன என்பது கதையின் வரம்புக்கு அப்பாற்பட்டது. புனைவில் வரும் நால்வருள் மூவர் சீக்கியர். அவர்களுக்கு இடப்பட்ட பெயர்களோ பெரும்பாலும் இசுலாமியப் பெயர்கள். அவர்கள் இறுதிவரை அந்தமானிலேயே விடப்படுகின்றனர். அவர்கள் என்னவாயினர் என்று கேட்பார் எவரும் இல்லை.

டோங்காவின் முகம்

ஸ்மாலுடன் இலண்டன் வரும் அந்தமானியப் பழங்குடி மனிதன் டோங்கா. காட்டில் நோயுற்றுக் கிடந்தவனை ஸ்மால் மருந்தளித்துக் காப்பாற்றுகிறான். நன்றிக் கடனால் அவன் ஸ்மாலை விட்டு நீங்காதவனாகிறான். தன் ஓடத்தில் அவனைத் தப்புவித்ததும் அவனே. இலண்டன் வந்தபின் ஸ்மால் அவனை நரமாமிசம் தின்பவன் எனச் சந்தைகளில் காட்சிப்படுத்திப் பிழைக்கிறான். பச்சை இறைச்சியைத் தின்று காட்டுவதும் போர்க்கூத்து ஆடுவதும் டோங்காவின் வேலை. ஏழை ஆங்கிலேயன் தன்னினும் ஏழையான ஒருவனைக் காட்டி வயிறு வளர்க்கும் இக்காட்சியில் சுரண்டலின் கடைசிப் படி வெளிப்படுகிறது. புதினம் இதை ஒரு வரித் தகவலாகக் கூறிக் கடந்துவிடுகிறது.

கொலையாளி யாரென ஹோம்ஸ் தீர்மானிக்கும் முறை ஆராயத்தக்கது. தரவுகளுக்கு முன் கருதுகோள் கூடாது என்பதைக் கொள்கையாகக் கொண்ட ஹோம்ஸ், புதிதாக வெளிவந்த புவியியல் அகராதியொன்றை எடுத்து அந்தமானியரைப் பற்றிய குறிப்பைப் படிக்கிறார். அவர்தம் உருவம் அஞ்சத்தக்கது, இயல்பு கொடியது, கப்பல் உடைந்து கரையேறியவரைக் கொன்று தின்பர் என்பன அக்குறிப்பின் செய்திகள். அதுவே அண்மைக்காலச் சான்று என்று அவர் ஏற்றுக்கொள்கிறார்.

உண்மையில் அக்காலத்தில் கிடைத்த சான்றுகள் வேறு. அந்தமானில் பணியாற்றிய இ. எச். மேன் பழங்குடியினரைப் பற்றி எழுதிய விரிவான ஆய்வு 1880களின் தொடக்கத்தில் இலண்டன் மானிடவியல் இதழில் வெளியாயிற்று. நரமாமிசக் கதையை அவர் ஆதாரமற்றதென மறுத்தார். மேனும் ஆர். சி. டெம்பிளும் அந்தமானிய மொழியொன்றைப் பற்றி 1877இலேயே எழுதினர். எம். வி. போர்ட்மன் 1887இல் அந்தமானிய மொழிகளுக்குக் கையேடு இயற்றினார். அம்மக்களின் படைக்கலம் வில்லும் அம்புமே. டோங்கா ஏந்தும் ஊதுகுழலும் நஞ்சு தோய்த்த முள்ளும் அவர்களுடையன அல்ல. டோங்கா என்னும் பெயரும் பசிபிக் தீவொன்றின் பெயரே.

இங்குதான் மேக்விச்சின் பாடம் பொருந்துகிறது. முகத்தைப் பார்த்துத் தண்டனையின் அளவைத் தீர்மானித்தது டிக்கன்ஸ் காட்டிய வழக்கு மன்றம். அகராதி தந்த முகத்தைப் பார்த்துக் குற்றத்தைத் தீர்மானிக்கிறது டாயிலின் துப்பறியும் அறிவு. டோங்கா கொலை செய்தான் என்பது கதைப்படி உண்மைதான். ஆயினும் ஸ்மாலுக்கு ஓர் இயல் நிறையப் பேச இடமளித்த புதினம், டோங்காவின் வாயிலிருந்து ஒரு சொல்லையும் அச்சேற்றவில்லை. அவன் மொழியைத் தான் சிறிது கற்றதாக ஸ்மால் கூறுகிறான். எனவே மொழி இருந்தது. அதைக் கேட்டவனும் இருந்தான். வாசகனுக்கு அதன் ஓசைகூட எட்டவில்லை. தேம்ஸில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகி அவன் உடல் சேற்றில் மறைகிறது. மேக்விச்சுக்கு ஒரு விசாரணையாவது கிடைத்தது. டோங்காவுக்கு அதுவும் இல்லை.

புதினத்திற்கு வெளியே நிகழ்ந்ததும் இதனினின்று வெகு தொலைவில் இல்லை. 1858இல் மௌவட் தலைமையிலான ஆய்வுக் குழு அந்தமானியர் ஒருவரைக் கைப்பற்றிக் கல்கத்தாவுக்குக் கொண்டு சென்றது. அங்கு அவருக்கு 'ஜாக் அந்தமான்' என்று பெயரிட்டனர். நோயுற்ற பின்னரே அவர் தீவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். கைதிக் குடியிருப்பு நிறுவப்பட்டபோது சில ஆயிரவராக இருந்த கிரேட் அந்தமானியர் 1877இல் பரவிய தட்டம்மை முதலிய நோய்களால் குன்றி, 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 பேராயினர். போ மொழியின் கடைசிப் பேச்சாளர் 2010 ஜனவரியில் மறைந்தார். மொழியியலார் அன்விதா அப்பி அம்மொழிக் குடும்பத்தின் எஞ்சிய வழக்கைப் பதிவு செய்து 2013இல் இலக்கண நூல் வெளியிட்டார். டோங்காவுக்குப் புதினம் மறுத்த சொற்கள் இன்று இவ்வாய்வுகளில் மட்டுமே கிடைக்கின்றன.

மூழ்கியதும் மூழ்காததும்

இரு புதினங்களிலும் செல்வம் இழக்கப்படுவதை நீதியின் வெற்றியாகக் கொள்வது பொது வழக்கு. மேக்விச்சின் சொத்து அரசுடைமையாகிறது; பிப் தன் செருக்கு நீங்கிக் கைதியின் கையைப் பற்றி நிற்கும் மனிதனாகிறான். ஸ்மால் புதையலை நதியில் கொட்டிவிடுகிறான்; மேரி செல்வச் சீமாட்டி ஆகாததால் வாட்சன் தயக்கமின்றி அவளை மணம் பேசுகிறார். பணம் போனது, மனிதம் மீண்டது என்று வாசகர் நிறைவுறுகின்றனர்.

இந்நிறைவு பிப்பைப் பொறுத்தவரை நியாயமானதே. அவன் இழப்பில் மெய்யான அறவளர்ச்சி உண்டு. ஆயினும் கணக்கை முழுவதும் பார்த்தால் எல்லாம் மூழ்கிவிடவில்லை என்பது புலனாகும். பிப் முன்னர் நண்பன் ஹெர்பர்ட்டுக்காக இரகசியமாக ஏற்பாடு செய்த வணிக நிறுவனத்தில் எழுத்தனாகச் சேர்ந்து, கீழைநாட்டுக் கிளையில் பல்லாண்டு பணிபுரிந்து கடன்களை அடைக்கிறான். ஆஸ்திரேலியப் பணம் இழக்கப்பட்டதும் கெய்ரோ வணிகம் அவனைத் தாங்குகிறது. மேரிக்கு ஆண்டுக்கு ஒன்றாக வந்து சேர்ந்த ஆறு முத்துகளும் அப்புதையலிலிருந்து எடுக்கப்பட்டவையே. பெட்டி வெறுமையாயினும் முத்துகள் அவளிடமே உள்ளன. அவற்றைத் திருப்பித் தர வேண்டுமென்ற எண்ணம் எவருக்கும் எழவில்லை.

ஆகவே நதியில் மூழ்குவது கறை படிந்ததெனக் கண்ணுக்குத் தெரிந்த செல்வம் மட்டுமே. கறை தெரியாத அளவுக்குச் சிறிதாக்கப்பட்டது, நாகரிகமான வணிகமாக மாற்றப்பட்டது எதுவும் மூழ்குவதில்லை. நடுத்தர வர்க்கத் தலைவனின் கை தூய்மையாகத் தோன்றவேண்டும். அதே வேளையில் அவன் பட்டினி கிடக்கவும் கூடாது. இவ்விரு தேவைகளையும் ஒருசேர நிறைவேற்றும் உத்தியாகத் தேம்ஸ் நதி அமைகிறது. அதற்குரிய விலையை மேக்விச் சிறையில் இறந்தும், ஸ்மால் மீண்டும் விலங்கு பூண்டும், டோங்கா உயிர் கொடுத்தும் செலுத்துகின்றனர்.

தீவிலிருந்து வாசித்தல்

தமிழகக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் பயில்வோர் டிக்கன்ஸைப் பாடமாகப் படிப்பது நெடுங்கால வழக்கம். ஆங்கிலத் துப்பறியும் கதைகளும் ஆரணி குப்புசாமி முதலியார் போன்றோரின் தழுவல்கள் வழி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தமிழுக்கு வந்தன. தமிழ் வாசகன் இயல்பாகவே பிப்பின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கிறான். கல்வி, உத்தியோகம், ஊரில் விட்டு வந்த எளிய உறவினரைப் பற்றிய வெட்கம் ஆகியன அவனுக்கு அந்நியமல்ல. 'அந்தமான் கைதி' என்ற கு. சா. கிருஷ்ணமூர்த்தியின் நாடகமும், அதனடியாக 1952இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த திரைப்படமும், 1996இல் வந்த 'சிறைச்சாலை' திரைப்படமும் அந்தமானைத் தண்டனையின் பெயராகவே தமிழ் மனத்தில் நிறுத்தின. தீவு என்பது கதை முடியும் இடம் என்னும் நினைப்பு நிலப்பகுதியில் நிற்பவனின் நினைப்பாகும்.

அந்தமானில் வாழ்வோர்க்கோ தீவு கதை தொடங்கும் இடம். குறிப்பிட்ட ஆண்டுகள் தண்டனை கழித்த கைதிகளுக்கு அனுமதிச் சீட்டு அளித்து, நிலத்தை உழவும் கால்நடை வளர்க்கவும் இசைவு பெற்றுப் பெண் கைதியரை மணக்கவும் அரசு இடமளித்தது. இவர்கள் 'செல்ஃப் சப்போர்ட்டர்' எனப்பட்டனர். மேக்விச் நியூ சவுத் வேல்ஸில் அடைந்த நிலையும் ஏறத்தாழ இதுவே. வேறுபாடு ஒன்றுண்டு. மேக்விச் தன் ஆசையை இங்கிலாந்திலுள்ள ஒரு சிறுவன்மீது ஏற்றினான். அந்தமான் கைதி அதைத் தன் கண்முன் வளரும் பிள்ளைகள்மீது ஏற்ற வேண்டியிருந்தது. அப்பிள்ளைகளின் வழிவந்தோரே 'லோக்கல் பார்ன்' எனப்படும் சமூகத்தார். சாதியும் மொழியும் கலந்த பெற்றோர்க்குப் பிறந்து, தந்தையின் குற்றத்தை மரபுரிமையாகப் பெறாமல் வாழ முயன்ற அம்மக்களின் வாழ்வு, பிப்பின் வெட்கத்தினும் ஆழ்ந்த புதினத்திற்கு உரிய பொருளாகும்.

பின்வந்தோரின் வரலாறும் இத்தகையதே. 1921 மலபார்க் கிளர்ச்சியை அடுத்து மாப்பிள்ளைக் கைதிகள் பலர் அனுப்பப்பட்டனர். 1945க்குப் பின் கைதிக் குடியிருப்பு ஒழிந்தபோது கிழக்கு வங்கத்து அகதிகள் குடியேற்றப்பட்டனர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழர் சிலர் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்ட வேலைக்கு அமர்த்தப்பட்டனர். அத்தீவு 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் பேரழிவுக்குள்ளாயிற்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபார் மக்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். தேயிலைத் தோட்டத்திலிருந்து ரப்பர்த் தோட்டத்திற்கு வந்த ஒரு குடும்பத்தின் பேரன் 'நால்வர் குறி'யைப் படிப்பானாயின், குதிரைமேல் அமர்ந்த ஸ்மாலை அவன் கூலியின் நிலையிலிருந்தே காண்பான். ஸ்மாலின் வறுமை அவனுக்குப் புரியும். ஸ்மால் காணத் தவறியதும் அவனுக்குத் தெரியும்.

ஆயினும் இவ்வாசிப்பிலும் ஓர் எச்சரிக்கை தேவை. குடியேறியவர் வறியவரே எனினும், அவர்தம் வயலும் தோட்டமும் காடு அழிந்த இடத்தில் எழுந்தவை. ஸ்மால் தன் துன்பத்தால் டோங்காவின் துன்பத்தைக் காணாதவாறே, குடியேறியவரின் துன்பக் கதையும் தீவின் முதல் மக்களை மறைத்துவிடக் கூடும். ஏணியில் தனக்கு மேலுள்ளவரை நோக்கி எழும் நியாயமான சினம், கீழுள்ளவரைப் பற்றிய அறிவைத் தானாகத் தருவதில்லை. இவ்வுண்மை விக்டோரிய ஆங்கிலேயனுக்கு மட்டும் உரியதன்று.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால், 'பெரும் எதிர்பார்ப்புகள்', 'நால்வர் குறி' ஆகிய இரண்டும் தண்டனைத் தீவின் செல்வத்தை நாடி, அதை நதியில் இழந்து, தலைவனின் தூய்மையை மீட்கும் ஒரே கதைப்பின்னலைக் கொண்டவை என்பது தெளிவாகிறது. ஏழை ஆங்கிலேயனின் குரலுக்கு இரண்டும் இடமளித்தன. அது அக்காலத்தில் சிறிய செயல் அன்று. அக்குரல் ஒலிக்கும்போதே மற்றொரு குரல் அடங்கிப்போவதை அவை கவனிக்கவில்லை. டிக்கன்ஸைப் புறந்தள்ளி இக்குறையைக் காட்ட வேண்டியதில்லை. முகத்தைக் கண்டு தீர்ப்பளிக்காதே என்று அவர் மேக்விச் வழியாகக் கற்பித்த பாடமே டோங்காவுக்கு இழைக்கப்பட்டதை அளக்கும் கோலாகிறது. அவர் நிறுத்திய இடத்தில் அப்பாடத்தை நிறுத்தாமல் அடுத்த படிக்குக் கொண்டு செல்வதே இன்றைய வாசகனின் கடமை.

விக்டோரியப் புதினங்களைப் பயிற்றுவிப்போர் இவ்விரு நூல்களையும் ஒருங்கே வைத்து, மேன், போர்ட்மன், அப்பி ஆகியோரின் மொழி ஆய்வுகளோடு இணைத்துக் கற்பித்தால், வறுமையும் ஏக்கமும் பற்றிய இலக்கியக் கல்வி நிறைவு பெறும். தீவாந்தரம் என்னும் சொல் சட்டத்திலிருந்து நீங்கிவிட்டது. அச்சொல் மறைத்து வைத்த மனிதர்களின் வாழ்வு இலக்கியத்தில் இன்னும் முழுமையாக எழுதப்பட வேண்டியுள்ளது.